இலண்டன் மாநகரை நடந்தே பார்ப்போம்!

"இலண்டன்" என்ற பெயரைக் கேட்டறியாத தோட்டம் நம் நாட்டில் உண்டா? நம் பாட்டன்மார் அதனைச் "சீமை" என்றார்கள். "துரை சீமைக்குப் போயிருக்கிறார்", "சீமையிலிருந்து கடுதாசி வந்திருக்கிறதாம்" என்று பிரட்டுக் களத்தில் பேசிக்கொள்வார்கள். கித்தா விலை ஏறினாலும் சீமை, இறங்கினாலும் சீமை! நம்மில் பலர் கண்ணால் காணாத ஊர் அது. ஆனாலும் நம் வீட்டு அடுப்பில் உலை கொதிப்பதையும் கொதிக்காததையும் ஒரு காலத்தில் தீர்மானித்த ஊர்.

இன்று நம் பிள்ளைகளில் பலர் அங்கே படிக்கவும் வேலை பார்க்கவும் போகிறார்கள். பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோரும் உண்டு. அப்படிப் போகிறவர்களுக்கு இக்கட்டுரை வழித்துணை. போக வாய்க்காதவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே உடன் வரலாம். பயணச் சீட்டு வேண்டாம், கடப்பிதழும் வேண்டாம்!

ஏன் நடக்க வேண்டும்?

இலண்டனில் பூமிக்கு அடியில் ஓடும் இரயில் 1863ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. உலகின் முதல் பாதாள இரயில் அதுதான். விரைவாகப் போகலாம். ஆனால் இருட்டுக் குகைக்குள் போகிறவருக்கு ஊர் எப்படித் தெரியும்? இலண்டனின் பழைய பகுதிகள் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. நாம் போகப்போகும் வழி ஏறக்குறைய 5 மைல். விடியுமுன் எழுந்து, நிரை நிரையாக நூற்றுக்கணக்கான பால்மரங்களைச் சுற்றி வருகிற கால்களுக்கு 5 மைல் ஒரு தூரமா?

போவதற்கு ஏற்ற காலம் மே முதல் செப்டம்பர் வரை. ஜூன் மாதத்தில் இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரிலோ மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். காலுக்கு இதமான பழைய சப்பாத்து, ஒரு குடை, பையில் கொஞ்சம் ரொட்டியும் தண்ணீரும். இவ்வளவு போதும். காலையில் பசியாறிவிட்டுப் புறப்படுவோம்.

மணி பெரிதா, கோபுரம் பெரிதா?

வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நின்று தொடங்குவோம். கீழே தேம்ஸ் நதி. எதிரே நாடாளுமன்றக் கட்டடம், அதன் ஓரத்தில் படங்களில் நாம் பார்த்த அந்த மணிக்கூண்டு. "பிக் பென்" என்று கோபுரத்தைச் சொல்கிறோம். உண்மையில் அது உள்ளே தொங்கும் பெரிய மணியின் பெயர். 13 டன்னுக்கும் மேல் எடை கொண்டது. 96 மீட்டர் உயரமுள்ள கோபுரத்திற்கு 2012ஆம் ஆண்டில் "எலிசபெத் கோபுரம்" என்று பெயர் சூட்டினார்கள்.

1859ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய அந்தக் கடிகாரத்தைச் சரிப்படுத்தும் விதம் வேடிக்கையானது. ஊசலின் மேல் பழைய பென்னிக் காசுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு காசை வைத்தாலும் எடுத்தாலும் நாளொன்றுக்கு 0.4 விநாடி வேறுபடுமாம். செப்புக் காசுக்கும் அங்கே மதிப்பு உண்டு பாருங்கள்!

பழைய அரண்மனை 1834ஆம் ஆண்டு தீயில் எரிந்துபோனது. இப்போது நாம் காண்பது அதன் பிறகு கட்டியது. ஆனால் 1097ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் மட்டும் அந்தத் தீக்கும் தப்பி இன்றும் நிற்கிறது.

சாலையைக் கடந்தால் வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்னும் பெரிய தேவாலயம். 1066ஆம் ஆண்டு வில்லியம் மன்னர் முடிசூடியது முதல், 2023 மே மாதம் மூன்றாம் சார்லஸ் முடிசூடியது வரை, அரசர்களின் பட்டாபிஷேகம் நடக்கும் இடம் இதுதான். நியூட்டனும் டார்வினும் இங்கேதான் உறங்குகிறார்கள். தரையெங்கும் பெரிய மனிதர்களின் கல்லறைகள். அவற்றின் மேல் எல்லாரும் நடந்து போகிறார்கள். ஒரே ஒரு கல்லறையை மட்டும் யாரும் மிதிப்பதில்லை. அது 1920ஆம் ஆண்டு அடக்கம் செய்யப்பட்ட, பெயர் தெரியாத போர்வீரனின் கல்லறை. மன்னர்களும் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். பெயரில்லாத எளியவனுக்கு இப்படியொரு மரியாதை! சயாம் மரண இரயில் பாதையில் பெயரின்றி மாண்டுபோன நம்மவரை நினைத்தபடியே நாம் வெளியே வருகிறோம்.

மெர்டேக்கா கையெழுத்தான மாளிகை

அபேயிலிருந்து சில நிமிட நடையில் செயின்ட் ஜேம்ஸ் பூங்கா. குளத்தில் நீந்தும் கூழைக்கடாக்களைப் பாருங்கள். 1664ஆம் ஆண்டு ரஷ்யத் தூதர் மன்னருக்குப் பரிசளித்த பறவைகளிலிருந்து தொடங்கிய வழக்கம் இது. குளக்கரையில் கையோடு கொண்டுவந்த ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு, பூங்காவைக் கடந்து மறுபுறம் ஏறினால் லங்காஸ்டர் ஹவுஸ் என்னும் மாளிகை வரும்.

அரண்மனைக் காவலரைப் படம் பிடிக்க ஓடுகிற கூட்டம் இந்த மாளிகையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் நாம் நின்று பார்க்க வேண்டும். 1956 பிப்ரவரி 8ஆம் நாள், துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையில் வந்த நம் குழுவினர் மலாயா சுதந்திரத்திற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது இங்கேதான். அடுத்த ஆண்டு ஆகஸ்டு 31இல் கோலாலம்பூரில் நம் கொடி ஏறியது. பின்னர் 1963 ஜூலை 9இல் மலேசிய ஒப்பந்தம் கையெழுத்தானதும் இதே இலண்டனில்தான். இது அரசாங்க மாளிகை என்பதால் உள்ளே போக முடியாது. வெளியே நின்று, நம் நாட்டின் பிறப்புப் பத்திரம் எழுதிய வீடு என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

காசு கேட்காத கலைக்கூடம்

அங்கிருந்து "மால்" என்னும் அகன்ற சாலை வழியே நடந்தால் டிராபல்கர் சதுக்கம். நடுவே 50 மீட்டருக்கும் மேல் உயர்ந்த தூணின் உச்சியில் கடற்படைத் தளபதி நெல்சன் நிற்கிறார். 1805ஆம் ஆண்டு டிராபல்கர் போரில் வென்று, அப்போரிலேயே உயிர் விட்டவர். அடியில் காவலிருக்கும் நான்கு வெண்கலச் சிங்கங்களின் அருகே நின்று படம் எடுத்துக்கொள்ளாத பயணிகள் குறைவு.

சதுக்கத்தின் வடபுறம் தேசிய ஓவியக் கூடம். நுழைவுக் கட்டணம் இல்லை! அங்கிருந்து சற்றுத் தள்ளியுள்ள பிரிட்டிஷ் அரும்பொருளகமும் அப்படியே. கையில் காசில்லாதவனும் உலகின் பெரிய ஓவியர்களின் கைவண்ணத்தைப் பார்க்கலாம். கலைச் செல்வம் எல்லாருக்கும் பொது என்னும் இந்த வழக்கத்தை அந்த ஊரிலிருந்து நாம் மெச்சி எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்ட்ராண்டு சாலையில் கிழக்கே போவோம். வலப்பக்கச் சிறு வாசல் ஒன்றில் நுழைந்தால் சந்தடியெல்லாம் அடங்கிவிடும். புல்வெளி, செங்கல் கட்டடங்கள், 1185ஆம் ஆண்டு அர்ப்பணிக்கப்பட்ட வட்டத் தேவாலயம். "டெம்பிள்" என்னும் வழக்கறிஞர்களின் உலகம் இது. இன்னர் டெம்பிளில் சட்டம் படித்தவர் நம் துங்கு. மிடில் டெம்பிளில் படித்தவர் சிங்கப்பூரின் லீ குவான் இயூ. அவர்களுக்கு முன்பே, 1888ஆம் ஆண்டு இன்னர் டெம்பிளில் சேர்ந்து 1891இல் பாரிஸ்டர் ஆனவர் மோகன்தாஸ் காந்தி. அவர் ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றதும், 1922இல் அவர் பெயரைப் பதிவிலிருந்து நீக்கிவிட்டார்கள். 1988இல் மீண்டும் சேர்த்தார்கள். அப்போது காந்தியடிகள் மறைந்து 40 ஆண்டுகள் ஆகியிருந்தன!

வெளியே வந்தால் பிளீட் தெரு. 1702ஆம் ஆண்டு ஆங்கிலத்தின் முதல் நாளேடு பிறந்த தெரு. அதன் பிறகு நெடுங்காலம் இலண்டனின் பத்திரிகைகள் எல்லாம் இங்கேதான் அச்சாயின. 1980களில் அவை ஒவ்வொன்றாக வேறிடம் போய்விட்டன. பழைய கட்டடங்களின் முகப்பில் பத்திரிகைப் பெயர்கள் மட்டும் இன்னும் தெரிகின்றன.

தீயில் எழுந்த கோயில்

பிளீட் தெரு முடிந்து மேடு ஏறும்போதே செயின்ட் பால் தேவாலயத்தின் பெரிய கவிகை மாடம் கண்ணில் படும். 1666 செப்டம்பர் 2ஆம் நாள், புட்டிங் லேன் என்ற சந்தில் ஒரு ரொட்டிக் கடையில் பற்றிய தீ நான்கு நாள் எரிந்தது. மர வீடுகள் நெருக்கியடித்து நின்ற ஊர். 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் சாம்பலாயின. பழைய செயின்ட் பால் தேவாலயமும் தப்பவில்லை.

சாம்பலிலிருந்து புதிய கோயிலை எழுப்பியவர் கிறிஸ்டபர் ரென். 1675இல் தொடங்கி முடிக்க 35 ஆண்டுகள் ஆயின. வேலை தாமதமாகிறது என்று 1697இல் நாடாளுமன்றம் அவர் சம்பளத்தில் பாதியைப் பிடித்து வைத்துவிட்டது. சம்பளப் பிடித்தம் நமக்கு மட்டும் வந்த வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள்! அவர் கடைசியில் போராடித்தான் அந்தப் பணத்தை வாங்கினார். 1723இல் இறந்தபோது அவர் கட்டிய கோயிலிலேயே அடக்கம் செய்தார்கள். பெரிய நினைவுச் சின்னம் எதுவும் இல்லை. அவருடைய நினைவுச் சின்னத்தைத் தேடுகிறவர் சுற்றிலும் பார்த்துக்கொள்ளட்டும் என்ற பொருளில் ஒரு கல்வெட்டு மட்டும் இருக்கிறது. சுற்றிப் பார்த்தால் 111 மீட்டர் உயரக் கோயிலே நிற்கிறது!

கோயிலை ஒட்டி பேட்டர்நாஸ்டர் சதுக்கம். 2004 முதல் இலண்டன் பங்குச் சந்தை இங்கே இருக்கிறது. அதற்கு முன் சற்றுக் கிழக்கே ஓல்டு பிராடு தெருவில் இருந்தது. அந்தச் சந்தையில் நம் தோட்டங்களின் கதை ஒன்று உண்டு.

1821இல் சிங்கப்பூரில் தொடங்கிய கத்ரி கம்பெனி பின்னாளில் மலாயாவின் பெருந்தோட்ட முதலாளிகளில் ஒன்றாகி, இலண்டனிலிருந்து ஆட்சி செய்தது. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலை, சந்தை திறந்ததும் மலேசியாவின் தேசிய முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் பெர்ஹாட் அதன் பங்குகளை மளமளவென்று வாங்கியது. நான்கு மணி நேரத்திற்குள் கம்பெனி மலேசியாவின் கைக்கு வந்துவிட்டது! "விடியற்காலைத் தாக்குதல்" என்று அதற்குப் பெயர் வந்தது.

அங்கே காலை என்றால் இங்கே மாலை. நம்மவர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த நேரம். தோட்டத்தின் முதலாளி மாறிவிட்டார் என்பது பலருக்கு மறுநாள்தான் தெரிந்திருக்கும். மறுநாளும் பிரட்டு மணி அடித்தது. அதே மரம், அதே உளி. நாட்டுக்கு அது பெருமை தந்த நாள்தான். ஆனால் உடைமை கைமாறுவது ஒன்று, உழைப்பவன் வாழ்வு மாறுவது வேறொன்று என்பதை அன்றைக்கும் இன்றைக்கும் நாம் அறிவோம்.

நம் விலையைப் பேசிய சந்து

தேவாலயத்திலிருந்து கிழக்கே நடந்தால் பெருந்தீயின் நினைவுத் தூண். "மான்யுமெண்ட்" என்பார்கள். உயரம் 202 அடி. தீ தொடங்கிய ரொட்டிக் கடை இருந்த இடமும் அங்கிருந்து 202 அடி தூரம். உள்ளே 311 படிகள். முழங்கால் வலி இல்லாதவர்கள் ஏறலாம்.

அப்பால் லெடன்ஹால் தெரு. குழாய்களும் எஃகுமாக வெளியே தெரியும்படி 1986இல் திறந்த லாயிட்ஸ் காப்புறுதிக் கட்டடம் நிற்கும் மனையில்தான் ஒரு காலத்தில் கிழக்கிந்தியக் கும்பெனியின் தலைமையகம் இருந்தது. சென்னப்பட்டணத்தையும் 1786இல் பினாங்கையும் கைக்கொண்ட கும்பெனி அதுதான். 1861இல் அந்தப் பழைய மாளிகையை இடித்துவிட்டார்கள். கும்பெனியின் அடையாளம் ஏதும் தெருவில் கண்ணில் படுவதில்லை.

இன்னும் சில அடி நடந்தால் மின்சிங் லேன். சின்னஞ்சிறு தெரு. பயணிகள் இதைத் தேடி வருவதில்லை. ஆனால் உலகத்தின் தேயிலையும் ரப்பரும் விலை பேசப்பட்ட இடம் இதுவே. இலங்கை மலையகத்தில் நம் உறவுகள் கிள்ளிய கொழுந்து இலண்டன் ஏலத்தில்தான் விலையானது. 1679இல் தொடங்கிய இலண்டன் தேயிலை ஏலம் 1998 ஜூன் 29இல் முடிவுக்கு வந்தது. 1930களில் இங்கே "பிளாண்டேஷன் ஹவுஸ்" என்னும் பெரிய கட்டடம் எழுந்தது. தோட்ட வீடு என்று பெயர். ஆனால் ஒரு மரமும் கிடையாது! உள்ளே ரப்பர் வியாபாரம் நடந்தது. அதை இடித்துவிட்டு 2004இல் புதிய கட்டடம் கட்டினார்கள். பக்கத்து நடைபாதைக்கு "பிளாண்டேஷன் லேன்" என்ற பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மோட்டார் வண்டிகளுக்கு டயர் வேண்டியிருந்த 1910ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு இராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கும் மேல் விற்றது. 12 பென்ஸ் சேர்ந்தது ஒரு ஷில்லிங். ஆக 144 பென்சுக்கும் அதிகம். உலகப் பொருளாதாரம் விழுந்த 1932இல் அதே ஒரு இராத்தல் 2 பென்ஸ் அளவுக்கு இறங்கியது! விலை ஏறிய காலத்தில் கப்பல் கப்பலாக நம்மவரைக் கொண்டுவந்தார்கள். விலை விழுந்ததும் இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் திரும்பவும் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் அனுப்பிவிட்டார்கள். தங்கியவர்களுக்குக் கூலியைக் குறைத்தார்கள்.

இந்தச் சந்தில் கோட்டும் தொப்பியும் அணிந்த சிலர் சொன்ன ஒரு விலையால் ஆயிரம் மைல்களுக்கு அப்பால் அண்ணன் ஒரு கரையிலும் தம்பி ஒரு கரையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனை! அவர்கள் யாரும் இந்தச் சந்தைப் பார்த்ததில்லை. சந்தில் இருந்தவர்களும் அவர்களைப் பார்த்ததில்லை. அவர்கள் சார்பில் நாமாவது ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போவோம்.

கோட்டையும் பாலமும்

நடை முடியும் இடம் இலண்டன் கோட்டை. பாதாள இரயில் நிலையத்தின் அருகே ரோமர் கட்டிய நகர மதிலின் ஒரு துண்டு நிற்கிறது. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரைத் தோற்றுவித்தவர்கள் ரோமர்கள். ஊரை ஆண்டவர்களையும் ஒரு காலத்தில் வேறொருவர் ஆண்டிருக்கிறார்!

கோட்டையின் நடுவிலுள்ள வெள்ளைக் கோபுரத்தைத் தொடங்கியவர் முதலாம் வில்லியம். 1536இல் எட்டாம் ஹென்றியின் மனைவி ஆன் போலின் தலை இழந்ததும் இக்கோட்டைக்குள்தான். குறைந்தது ஆறு அண்டங்காக்கைகளை எப்போதும் இங்கே வளர்க்கிறார்கள். அவை போய்விட்டால் அரசு கவிழ்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. மூடநம்பிக்கை நமக்கு மட்டுமா சொந்தம்?

அரச நகைகளைக் காட்டும் கூடத்தில் கூட்டம் நெரியும். அங்கே ஒரு மணிமுடியில் கோகினூர் வைரம் இருக்கிறது. 1849இல் பஞ்சாபைப் பிடித்தபோது, பத்து வயதுச் சிறுவனாயிருந்த மகாராஜா துலீப் சிங்கிடமிருந்து எழுதி வாங்கிக்கொண்ட வைரம். "திருப்பிக் கொடுங்கள்" என்று இந்தியா இன்றும் கேட்கிறது.

வெளியே ஆற்றின் மேல் டவர் பாலம். 1894இல் திறந்தது. உயரமான கப்பல் வந்தால் பாலம் நடுவில் இரண்டாகப் பிளந்து கைகளைத் தூக்குவதுபோல் மேலே எழும்பும். ஆண்டுக்கு ஏறக்குறைய 800 முறை இப்படித் திறக்கிறதாம். முன்பு நீராவியால் இயங்கியது, 1970களில் மின்சாரத்துக்கு மாற்றினார்கள். அந்தி வெயிலில் பாலத்தின் நடுவே நின்று ஆற்றைப் பாருங்கள். கால் வலியெல்லாம் பறந்துவிடும்!

மறுநாள் ஓர் உறவினர் வீடு

மறுநாள் கோட்டையருகே உள்ள டவர் ஹில் நிலையத்தில் டிஸ்டிரிக்ட் பாதை இரயில் ஏறினால் கியூ பூங்காவுக்குப் போகலாம். இங்கே கட்டணம் உண்டு. ஆனாலும் பால்மரத்தோடு வாழ்ந்தவர்கள் பார்க்காமல் வரக்கூடாத இடம் இது.

1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் காட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைக் கொண்டுவந்து இங்கே சேர்த்தார். முளைத்தவை 2,700 அளவில்தான். கன்றுகளில் பெரும்பகுதியை இலங்கைக்கு அனுப்பினார்கள். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில சிங்கப்பூரிலும் சில பேராவின் கோலகங்சாரிலும் வேர் பிடித்தன. நம் நாட்டுப் பால்மரங்களின் பரம்பரை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவுக்குத் தலைவராக வந்த ரிட்லி என்பவர், மரத்தைக் கொத்திச் சாகடிக்காமல், பட்டையை மெல்லிசாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டு சொன்னார். தோட்டக்காரர்களின் சட்டைப் பையில் விதையைத் திணித்து "நடுங்கள், நடுங்கள்" என்று நச்சரித்ததால் அவரைப் "பைத்தியக்கார ரிட்லி" என்றார்கள். 100 வயதைக் கடந்து, 1956இல் இதே கியூவில்தான் அவர் காலமானார்.

1848இல் கட்டி முடித்த கண்ணாடிப் பனை மாளிகைக்குள் நுழைந்தால் நம் ஊர் புழுக்கம் முகத்தில் அடிக்கும். வெளியே குளிர், உள்ளே பேரா மாநிலம்! செம்பனையும் ரப்பர் மரமும் அங்கே பெயர்ப் பலகையோடு நிற்கின்றன. மற்றவர்கள் பலகையை வாசித்துவிட்டுப் போவார்கள். நமக்குப் பலகை எதற்கு? இலையைப் பார்த்தாலே தெரியுமே!

இவ்வளவு தூரம் போக எல்லாருக்கும் வாய்க்காது. அதனால் ஒரு யோசனை. அந்த முதல் கன்றுகளில் வளர்ந்த மரம் ஒன்று கோலகங்சாரில், மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் நிற்கிறது. சிங்கப்பூர் வாசகர்களுக்கு, நம் பெரியவர்கள் "பூமலை" என்று அழைத்த பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. வரும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். தாத்தாவும் பாட்டியும் எந்த மரத்தைச் சுற்றி நடந்தார்கள், அது எந்த ஊர் வழியாக வந்தது, அதன் விலையை எங்கோ ஒரு சந்தில் யார் பேசினார்கள் என்று சொல்லிக் கொடுங்கள். அந்தப் பிள்ளை நாளை இலண்டனுக்குப் போனால், மணிக்கூண்டைப் பார்த்துவிட்டு மின்சிங் லேனையும் விசாரித்துக்கொண்டு போகும்.